நாக்கு அறியாத அளவு

வோட்காவுக்கென்று தனிச்சுவை மிகக் குறைவு. கோதுமை, ரை, உருளைக்கிழங்கு போன்றவற்றில் ஒன்றைப் புளிக்கவைத்து, வடித்து, மறுபடியும் வடித்து, பல ஆலைகளில் கரி வழியாகவும் செலுத்தி, மூலப்பொருளின் வாடை பெரும்பாலும் நீங்கியபின் நீர் சேர்த்து ஏறத்தாழ 40 விழுக்காட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். விஸ்கிக்கு மரப்பீப்பாய் நிறமும் மணமும் தருகிறது. ஜின்னுக்கு ஜூனிபர் காய் மணம் தருகிறது. வோட்காவுக்கு அப்படித் தருவது எதுவும் இல்லை. எந்தப் பழத்தோடு சேர்ந்தாலும் அந்தப் பழமாகவே அது கோப்பைக்குள் இறங்குகிறது. அன்னாசியோடு சேர்ந்தால் அன்னாசி. லைச்சியோடு சேர்ந்தால் லைச்சி. வீட்டில் கலப்பவருக்கு இது பெரிய வசதி. ஆனால் இனிப்பும் புளிப்பும் சரியாக அமைந்த கோப்பையில் ஆல்கஹால் எவ்வளவு இருக்கிறது என்பதை நாக்கு அறியாது. பழத்தை முழுதாகப் பேசவிடுவதும், நாக்குக்குத் தெரியாததைக் கையால் அளந்து வைப்பதும்தான் பழ வோட்கா கலக்கும் கலையின் இரண்டு பாதிகள்.

போலந்திலும் ரஷ்யாவிலும் வோட்கா நூற்றாண்டுகளாகப் பெரும்பாலும் தனியாகவே குடிக்கப்பட்டது. 40 விழுக்காட்டை வகுத்தவர் வேதியியலாளர் மெண்டலீவ் என்ற கதை பரவலாக இருக்கிறது. அவருடைய 1865ஆம் ஆண்டு ஆய்வேடு ஆல்கஹாலும் நீரும் கலக்கும்போது என்ன நிகழ்கிறது என்பதைப் பற்றியது; வோட்காவின் வீரியத்தை நிர்ணயிப்பது அதன் நோக்கமாக இருக்கவில்லை. ஆனால் அந்த ஆய்வு தொட்ட உண்மை கலப்பவருக்கு முக்கியமானது. 50 மில்லி ஆல்கஹாலையும் 50 மில்லி நீரையும் சேர்த்தால் 100 மில்லி வராது, மூன்று நான்கு மில்லி குறையும். இரண்டு திரவங்களின் மூலக்கூறுகளும் ஒன்றின் இடைவெளியில் மற்றொன்று நெருங்கி அமர்கின்றன. கலவை என்பது வெறும் கூட்டல் அல்ல என்பதற்கு அதுவே முதல் பாடம். பழச்சாறோடும் இஞ்சியோடும் எலுமிச்சையோடும் வோட்கா உலகெங்கும் பரவியது இருபதாம் நூற்றாண்டில். 1941இல் லாஸ் ஏஞ்சலஸில் வோட்கா, எலுமிச்சை, இஞ்சிப் பானம் மூன்றையும் சேர்த்துப் பிறந்ததாகச் சொல்லப்படும் மாஸ்கோ மியூல் அமெரிக்காவில் வோட்காவுக்கு வாசலைத் திறந்துவிட்டது.

சாராயத்தைப் புளிப்போடும் இனிப்போடும் கலக்கும் வழக்கம் அதைவிட மிகப் பழையது. அதன் பிறப்பிடங்களில் ஒன்று இந்தியக் கடற்கரை. 17ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனிகளின் கிட்டங்கிகளில் தங்கிய ஐரோப்பியர் உள்ளூர்ச் சாராயத்தில் எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, நீர், சாதிக்காய் போன்ற மணப்பொருள் ஆகியவற்றைச் சேர்த்துப் பெரிய கிண்ணத்தில் கலந்து குடித்தனர். பஞ்ச் எனப்பட்ட அந்தப் பானம் கப்பலேறி லண்டனுக்குப் போனது. இன்று மதுக்கூடங்களில் கலக்கப்படும் புளிப்பு வகைப் பானங்கள் பலவற்றிலும் இதே ஐந்து உறுப்புகளைக் காணலாம்: சாராயம், புளிப்பு, இனிப்பு, நீர், மணம். வீட்டில் கலப்பவர் நூறு பக்குவங்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இந்த ஐந்தும் ஒன்றுக்கொன்று எப்படி நிற்கின்றன என்று அறிந்தால், சந்தையில் அன்று கிடைத்த பழத்தைக் கொண்டே கலக்க முடியும்.

சிங்கப்பூருக்கு இந்தக் கலையில் தனி இடம் உண்டு. ராஃபிள்ஸ் ஹோட்டலின் லாங் பாரில் பணியாற்றிய ஹைனானியர் நியாம் தோங் பூன் சிங்கப்பூர் ஸ்லிங்கை உருவாக்கினார். அது நிகழ்ந்த ஆண்டாக 1915ஐச் சொல்வது வழக்கம். பெண்கள் பொது இடத்தில் மது அருந்துவது தகாது என்று கருதப்பட்ட காலத்தில், பழச்சாறு போலத் தோன்றும் பானமாக அவர் அதை அமைத்தார் என்று ஹோட்டலின் மரபுக்கதை சொல்கிறது. இன்று பரவலாகப் பின்பற்றப்படும் அளவின்படி அதில் 30 மில்லி ஜின், 15 மில்லி செர்ரி மது, குவான்த்ரோவும் பெனடிக்டினும் ஏழரை மில்லி வீதம், 120 மில்லி அன்னாசிச் சாறு, 15 மில்லி எலுமிச்சைச் சாறு, 10 மில்லி மாதுளைப் பாகு, ஒரு சொட்டுக் கசப்பு மருந்துச்சாறு ஆகியவை சேர்கின்றன. நான்கு மதுக்களின் ஆல்கஹாலையும் கூட்டினால் ஏறத்தாழ 17 கிராம் வரும். சிங்கப்பூரின் சுகாதார மேம்பாட்டு வாரியம் 10 கிராம் ஆல்கஹாலை ஒரு நிலையளவாகக் கொள்கிறது. அந்தக் கணக்கில் இளஞ்சிவப்பு நுரையோடு வரும் ஒரு கோப்பையில் ஒன்றே முக்கால் அளவு மது ஒளிந்திருக்கிறது. பார்க்கும் கண்ணிலிருந்து மறைக்கச் செய்த பானம், குடிப்பவரின் நாக்கிலிருந்தும் மறைத்துவிடுகிறது.

அந்தக் கோப்பையின் பெரும்பகுதி அன்னாசி. சிங்கப்பூர் மண்ணுக்கும் அன்னாசிக்கும் உள்ள உறவு ஹோட்டலுக்கு வெளியே, தீவின் வடக்கிலும் மேற்கிலும் வளர்ந்தது. சுவா சூ காங் வட்டாரத்தில் முதலில் தியோச்சியூ மக்கள் காம்பியரும் மிளகும் பயிரிட்டார்கள். பிறகு அன்னாசியும் ரப்பரும் தென்னையும் வந்தன. ரப்பர் கன்று பால் தரும் பருவத்துக்கு வளர ஆண்டுகள் பிடிக்கும். அதுவரை வரிசைகளுக்கு நடுவே அன்னாசி நட்டு வருமானம் கண்டார்கள். அந்தப் பழம் தகர டின்களில் அடைபட்டு ஐரோப்பாவுக்குப் போயிற்று. லிம் நீ சூன் என்ற தோட்ட முதலாளிக்கு அன்னாசி அரசர் என்ற பெயரே வந்தது. டின் தொழிலுக்கு உகந்த ஓர் அன்னாசி ரகம் இன்றும் சிங்கப்பூர் ஸ்பானிஷ் என்ற பெயரோடு மலேசியாவில் விளைகிறது. சுவா சூ காங்கில் இன்று அன்னாசித் தோட்டங்களின் இடத்தில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகள் நிற்கின்றன. 1990இல் எம்ஆர்டி ரயில் நிலையம் திறந்தது. அங்குள்ள நாலறை வீட்டின் சமையலறைக்குப் பழம் பெரும்பாலும் ஜொகூரிலிருந்து பாலம் கடந்து வருகிறது.

வோட்காவோடு கலக்க அன்னாசியைத் தேர்ந்தெடுப்பவர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். மாம்பழமும் வாழையும் பறித்த பிறகும் பழுத்து இனிக்கும், அன்னாசி அப்படியல்ல. செடியிலிருந்து அறுத்த பிறகு அதன் தோல் மஞ்சளாகலாம், சதை இளகலாம், ஆனால் இனிப்பு கூடாது. ஆகவே கடையிலேயே அடிப்பகுதியை முகர்ந்து பார்த்து மணம் உள்ளதை வாங்குவதே வழி. மலேசிய வேளாண் ஆய்வு நிறுவனமான மார்டி 1996இல் வெளியிட்ட ஜோசபைன் ரகம் சிறியது, மணம் மிக்கது. ஜொகூர் ரகத்தையும் சரவாக் ரகத்தையும் இணைத்து உருவாக்கப்பட்டது. எம்டி2 ரகத்தில் இனிப்பு அதிகம், புளிப்பு குறைவு. அதற்கு எலுமிச்சை கூடுதலாக வேண்டும். தோல் சீவி, கண் நீக்கி, நடுத்தண்டை எடுத்துவிட்டு மிக்சியில் அரைத்து, மெல்லிய துணியில் பிழிந்தால் சாறு கிடைக்கும். அன்றைக்கே பயன்படுத்துவது நல்லது. புதுச் சாற்றை ஐஸோடு குலுக்கும்போது மேலே வெண்ணுரை கட்டும். டின் சாற்றில் அந்த அளவுக்கு வராது. அன்னாசியில் உள்ள புரோமலின் என்ற நொதி புரதத்தை அறுக்கும். நாக்கு அரிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஒரு சிட்டிகை உப்பு சேர்த்தால் கசப்பு தணிந்து இனிப்பு துலங்கும். கொய்யாவையும் மாங்காயையும் உப்பு தொட்டுத் தின்று வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

புளிப்புக்குச் சிங்கப்பூர்ச் சமையலறையில் கையெட்டும் தூரத்தில் இருப்பது கலமன்சி. மலாயில் லிமாவ் கஸ்தூரி என்பார்கள். கோலிக்குண்டைவிடச் சற்றுப் பெரிய பச்சைத் தோல், உள்ளே ஆரஞ்சு நிறச் சதை. கும்குவாட்டுக்கும் மாண்டரின் ஆரஞ்சுக்கும் பிறந்த கலப்பினம். எலுமிச்சையின் கூர்மையோடு ஆரஞ்சின் மணமும் அதில் இருக்கும். ஒரு பழத்தில் சுமார் ஐந்து மில்லி சாறு கிடைக்கும். விதைகள் அதிகம் என்பதால் தேநீர் வடிகட்டியின் மேல் பிழிய வேண்டும். தோலைக் கசக்கிப் பிழிந்தால் எண்ணெய் இறங்கிக் கசக்கும். எலுமிச்சைச் சாற்றில் அமிலம் ஏறத்தாழ 6 விழுக்காடு. அன்னாசியில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. அன்னாசி புளிக்கிறதே, எலுமிச்சை எதற்கு என்ற கேள்விக்கு இந்த எண்களே பதில். ஐஸ் உருகி நீர்க்கும்போது அன்னாசியின் புளிப்பு தனியாகத் தாக்குப்பிடிக்காது. உலர்ந்த புளிப்புப் பிளம்ஸான அசாம் போயைக் கலமன்சிச் சாற்றில் போட்டுக் குடிப்பது இந்த வட்டாரத்துக் காப்பிக் கடைகளின் வழக்கம். அந்த உப்புப் புளிப்பும் வோட்காவுக்கு நன்றாகவே பொருந்தும்.

புளிப்பு எங்கிருந்தும் வரலாம் என்று காட்டியவர்களில் ஒரு சிங்கப்பூர்த் தமிழரும் உண்டு. விஜய் முதலியார் 2016இல் அமோய் தெருவில் நேட்டிவ் என்ற மதுக்கூடத்தைத் தொடங்கினார். தூர தேசத்துப் புகழ்பெற்ற மதுக்களை ஒதுக்கி, ஆசியாவில் வடிக்கப்பட்டவற்றையும் தீவில் சேகரித்த இலை, பூ, காய்களையும் கொண்டு அங்கே கலந்தார். அவருடைய ஒரு பானத்தில் புளிப்புக்கு முசுறு எறும்பு சேர்ந்தது. அந்த எறும்பின் ஃபார்மிக் அமிலமே அங்கே எலுமிச்சையின் வேலையைச் செய்தது. வீட்டில் கலப்பவர் முசுறைத் தேடிப் போக வேண்டாம். ஆனால் நடைபாதைத் தொட்டியில் வளரும் கறிவேப்பிலை, பாண்டான், எலுமிச்சம்புல், துளசி ஆகியவை வெளிநாட்டுப் புட்டிகளுக்குக் குறைந்தவை அல்ல என்ற நம்பிக்கையை அவருடைய முயற்சியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஒரு கொத்துக் கறிவேப்பிலையை உள்ளங்கையில் ஒரு முறை தட்டிக் குலுக்கும் பாத்திரத்தில் போட்டால் போதும். அரைத்தால் பச்சை வாடை அடிக்கும்.

இனிப்புக்குத் தென்னை வெல்லமான குலா மலாக்கா. கருப்பட்டிக்கு நெருங்கிய உறவு. புகையும் உப்பும் கலந்த அதன் ஆழம் வெள்ளைச் சர்க்கரையில் கிடையாது. வெல்லமும் நீரும் சம எடையில் எடுத்து, சிறுதீயில் கரைத்து, ஒரு முடிச்சுப் பாண்டான் இலையைப் போட்டு இறக்கி, வடிகட்டி ஆறவைத்தால் பாகு தயார். குளிர்பெட்டியில் ஓரிரு வாரம் இருக்கும். பாகு சேர்க்கும்போது கலவையை அறை வெப்பத்தில் ருசி பார்த்தால் கொஞ்சம் தித்திப்பாகத்தான் தோன்ற வேண்டும். குளிர்ச்சி இனிப்பை மட்டுப்படுத்தும். ஐஸும் நீர் விடும். அறை வெப்பத்தில் சரியாக இருந்த பானம் குளிர்ந்தபின் சப்பிட்டுப் போகும்.

வோட்காவை வாங்குவதில் சட்டமும் வரியும் வருகின்றன. சிங்கப்பூரில் 18 வயது நிறையாதவர் மது வாங்க முடியாது. 2015 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மதுபானக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை கடைகள் மதுவை எடுத்துச் செல்ல விற்கக் கூடாது. அந்த நேரத்தில் பூங்கா, புளோக்கின் கீழ்த்தளம் போன்ற பொது இடங்களில் குடிக்கவும் கூடாது. லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் வாரஇறுதியிலும் பொது விடுமுறையிலும் கட்டுப்பாடு இன்னும் கடுமை. 2013 டிசம்பர் 8 அன்று ரேஸ் கோர்ஸ் சாலையில் தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் பேருந்தடியில் சிக்கி இறந்ததைத் தொடர்ந்து மூண்ட கலவரமும், அதில் மதுவுக்கும் பங்கு இருந்தது என்ற விசாரணைக் குழுவின் முடிவும் அந்தச் சட்டத்தின் பின்னணி. வீட்டில் பியரோ பழ மதுவோ மாதம் 30 லிட்டர் வரை சொந்தத் தேவைக்குப் புளிக்கவைக்கலாம். உரிமம் இல்லாமல் சாராயம் வடிப்பது குற்றம். வீட்டு மேசைக்கு எஞ்சுவது கலப்பது. வரியும் அளவைக் கற்பிக்கிறது. தூய ஆல்கஹால் ஒரு லிட்டருக்கு 88 வெள்ளி வரி. 40 விழுக்காட்டு வோட்கா 700 மில்லி புட்டியில் 280 மில்லி ஆல்கஹால்; வரி 24 வெள்ளி 64 காசு. ஒவ்வொரு 30 மில்லி ஊற்றிலும் ஒரு வெள்ளிக்கு மேல் வரியாகவே போகிறது. பழச்சாறோடு கலக்க விலை கூடிய புட்டி தேவையில்லை. சுத்தமாக வடித்த நடுத்தர வோட்கா போதும். பழத்துக்குச் செலவிடுவதே சுவையில் தெரியும்.

ஒருவருக்கான அளவு இது: வோட்கா 30 மில்லி, புதிய அன்னாசிச் சாறு 60 மில்லி, கலமன்சிச் சாறு 15 மில்லி, குலா மலாக்கா பாகு 10 மில்லி, உப்பு ஒரு சிட்டிகை. குலுக்கும் பாத்திரம் இல்லாவிட்டால் மூடி இறுகும் பெரிய கண்ணாடிப் புட்டி போதும். எல்லாவற்றையும் ஊற்றி, புட்டி நிறைய ஐஸ் போட்டு, மூடியை அழுத்திப் பிடித்து, பத்துப் பன்னிரண்டு விநாடி வேகமாகக் குலுக்க வேண்டும். புட்டியின் வெளிப்புறம் பனிபூத்துக் கை விறைக்கும்போது நிறுத்தலாம். சோடா போன்ற வாயு நிரம்பிய எதையும் புட்டிக்குள் ஊற்றிக் குலுக்கக் கூடாது. அழுத்தம் கூடி மூடி தெறிக்கும். சோடா வேண்டுமானால் கடைசியில், கோப்பையில். தேநீர் வடிகட்டி வழியாகக் குளிர்ந்த கோப்பைக்குள் வடித்தால் பானம் ஆயிற்று.

அந்தப் பன்னிரண்டு விநாடியில் இரண்டு வேலைகள் ஒன்றாக நடக்கின்றன: குளிர்வதும் நீர்ப்பதும். ஐஸ் உருகும்போதுதான் பானத்தின் வெப்பத்தை அதிகமாக இழுத்துக்கொள்கிறது. உருகாமல் குளிரவைக்க வழியில்லை. ஆல்கஹால் உறைநிலையைத் தாழ்த்துவதால் குலுக்கிய பானம் பூஜ்யத்துக்குக் கீழே சில பாகை வரை இறங்கும். இந்த அளவில் சுமார் 30 மில்லி நீர் சேரும். அந்த நீர் பக்குவத்தின் ஓர் உறுப்பு. அது சேராவிட்டால் பானம் திகட்டும். நிறைய ஐஸ் போட்டால் தண்ணீராகும் என்று பயந்து இரண்டே கட்டி போடுவது தவறு. ஐஸ் குறைந்தால் அத்தனையும் உருகிப் பானம் மேலும் நீர்த்துப் போகும். சிங்கப்பூரின் வெக்கையில் உறைபெட்டியிலிருந்து எடுத்த ஐஸ் நிமிடங்களில் ஈரமாகிவிடும். மற்ற எல்லாம் அளந்து முடித்த பிறகே ஐஸை வெளியே எடுக்க வேண்டும். மூடியில்லாத தட்டில் உறையவைத்த ஐஸ் மீன் வாடையையும் சாம்பார் வாடையையும் வாங்கிக்கொள்ளும். மூடிய டப்பாவில் உறையவைப்பது நல்லது.

இந்தக் கோப்பையில் இப்போது இருப்பது சுமார் 145 மில்லி. அதில் ஆல்கஹால் 12 மில்லி. ஏறத்தாழ 8 விழுக்காடு, கிராமில் ஒன்பதரை. வோட்காவை அளக்காமல் கையால் சாய்த்து 60 மில்லி விழுந்துவிட்டால் அதே பானம் 13 விழுக்காட்டைத் தாண்டி வைனின் வீரியத்துக்கு வந்துவிடும். அன்னாசியும் வெல்லமும் நன்றாக இருந்தால் இரண்டு கோப்பைக்கும் உள்ள வேறுபாட்டைப் பலரால் சொல்ல முடியாது. விஸ்கியில் இந்தச் சிக்கல் இல்லை. ஒரு பெக்குக்கும் இரண்டு பெக்குக்கும் உள்ள வேறுபாட்டைத் தொண்டையே சொல்லிவிடும்.

ஐந்து உறுப்புகளின் கணக்கு கைவந்தால் மற்றப் பழங்கள் எளிது. லைச்சி டின்னில் வரும் பாகே இனிப்பு. அதற்குப் புளிப்பு மட்டும் சேர்க்க வேண்டும். தர்ப்பூசணி பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீர், அமிலம் மிகக் குறைவு. எலுமிச்சையும் சில சொட்டு ரோஸ் பாகும் அதற்கு உயிர் தரும். மாம்பழம் கூழாக இருப்பதால் சாற்றின் பாதி அளவு போதும், மீதிக்கு நீர். மார்க்கிசா எனப்படும் பேஷன் பழத்தில் புளிப்பு தூக்கலாக இருப்பதால் கலமன்சியைக் குறைத்துப் பாகைக் கூட்ட வேண்டும். செங்கொய்யாவுக்குக் கோப்பை விளிம்பில் உப்பும் மிளகாய்த்தூளும். பம்ப்ளிமாஸ் சாறு மட்டும் எச்சரிக்கை வேண்டுவது: கொழுப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கான சில மாத்திரைகள் உடலில் சிதைவதை அது தடுத்து, மருந்தின் வீரியத்தை ஏற்றிவிடும். மாத்திரை சாப்பிடும் விருந்தினருக்கு அதை ஊற்றக் கூடாது. மதுவே கூடுமா என்பதையும் மருத்துவரிடம் கேட்டிருக்க வேண்டும்.

பழத்தை வோட்காவில் ஊறப்போடுவது இன்னொரு முறை. கண்ணாடிச் சாடியில் அன்னாசித் துண்டுகளைப் போட்டு, அவை முழுதும் மூழ்க வோட்கா ஊற்றி, குளிர்பெட்டியில் மூன்று நான்கு நாள் வைத்தால் நீரில் கரையாத மணங்களும் ஆல்கஹாலில் இறங்கும். அதே நேரத்தில் பழத்தின் நீர் வெளியே வரும், ஆல்கஹால் பழத்துக்குள் போகும். 700 மில்லி வோட்காவில் 400 கிராம் பழம் முழுதாக ஊறிச் சமநிலைக்கு வந்தால் இரண்டிலும் வீரியம் 27 விழுக்காட்டை ஒட்டி நிற்கும். சாடியில் எஞ்சிய துண்டுகளை வெறும் பழம் என்று கருதக் கூடாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் அவற்றைக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் திறந்து வைப்பது பேராபத்து.

தமிழர் வீடுகளில் இப்படி மேசைமேல் வைத்து அளப்பது பழக்கமாகவில்லை. அதற்குக் காரணங்கள் உண்டு. புறநானூற்றின் 56ஆம் பாடல் யவனர் கொண்டுவந்த மணமுள்ள தேறலைப் பாண்டியனின் அவையில் காட்டுகிறது. ஆனால் குறள் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்குகிறது. மலாயாவின் தோட்டங்களில் கள்ளுக்கடை தொழிலாளியின் கூலியைத் திரும்ப உறிஞ்சும் இடமாக இருந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தமிழ்த் தொழிலாளர்கள் ஆர். எச். நாதன் தலைமையில் திரண்டபோது, கூலி உயர்வோடு தோட்டக் கள்ளுக்கடைகளை மூடுவதும் கோரிக்கையாக இருந்தது. தமிழ்நாட்டில் 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1971இல் தளர்ந்தது. 2003 முதல் சில்லறை விற்பனையே அரசு நிறுவனமான டாஸ்மாக்கின் கையில். மது என்றால் குடும்பத்தை அழித்தது என்ற நினைவு பல வீடுகளில் உண்மையான நினைவு. அந்த நினைவு மதிக்கத்தக்கது. ஆனால் அதிலிருந்து பிறந்த ஒளிவு மறைவு அளவைக் கற்றுத் தரவில்லை. மறைத்துக் குடிப்பவர் அளப்பதில்லை, அவசரமாகக் குடிக்கிறார். குடிக்காமல் இருப்பதே மிக நல்லது. 2023இல் உலக சுகாதார நிறுவனமும் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்றே அறிவித்தது. குடிப்பது என்று முடிவு செய்தவருக்கு, வெளிச்சத்தில், உணவோடு, எண்ணிக்கையோடு குடிப்பது தன் வீட்டாருக்குச் செய்யும் குறைந்தபட்சக் கடமை.

விருந்தில் குடிக்காதவருக்கான கோப்பையும் அதே அக்கறையோடு கலக்கப்பட வேண்டும். 1989 முதல் நடப்பில் உள்ள இன ஒருங்கிணைப்புக் கொள்கையால் சுவா சூ காங்கின் புளோக்குகளில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் அருகருகே வாழ்கிறார்கள். தீபாவளி மேசைக்கு வரும் மலாய் அண்டைவீட்டாருக்கு, மது தொடாத பாத்திரத்தில், முதலில் கலந்து கொடுப்பதே மரியாதை. வோட்காவுக்குப் பதில் கெட்டியாகக் கொதிக்கவைத்து ஆறிய இஞ்சிநீர் 30 மில்லி ஊற்றினால் ஆல்கஹால் தரும் தொண்டைச் சூட்டை இஞ்சி ஓரளவு தரும். மற்ற அளவுகள் அப்படியே. போதையில்லாத கலப்புப் பானத்துக்குத் தமிழில் பழைய சான்றும் இருக்கிறது. புறநானூற்றின் 24ஆம் பாடலில் நுங்கின் நீர், கரும்பின் சாறு, இளநீர் மூன்றையும் கலந்து குடிக்கிறார்கள்.

சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் பரிந்துரையில் ஆணுக்கு நாளொன்றுக்கு இரண்டு நிலையளவு, பெண்ணுக்கு ஒன்று என்பது மேல்வரம்பு. ஒரு நிலையளவைக் கல்லீரல் செரிக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் எடுக்கும். குளிர்ந்த நீரோ காப்பியோ அதை விரைவாக்காது. சிங்கப்பூரில் 100 மில்லி மூச்சில் 35 மைக்ரோகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வாகனம் ஓட்டுவது குற்றம். விருந்து கொடுப்பவர் எத்தனை கோப்பை கலந்தார், யார் எப்படி வீடு திரும்புவார் என்பதை அறிந்திருக்க வேண்டும். வந்தவர் தன் கோப்பையில் என்ன இருக்கிறது என்று கேட்டால் மில்லியில் பதில் சொல்ல முடிய வேண்டும். பழம் மறைத்ததை, கலந்தவர் சொல்லியாக வேண்டும்.

ஆகவே வீட்டில் பழ வோட்கா கலக்க விரும்பும் வாசகர் முதலில் வாங்க வேண்டியது 30 மில்லிக்குக் கோடிட்ட ஓர் அளவுக் கிண்ணம். நல்ல அன்னாசி அடுத்தது. வோட்கா மூன்றாவதாக வந்தால் போதும்.